ஊசிமுனையில் ஒழியும் இளமை

2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னை ஆண்டு மே திங்களில், எம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தையடுத்த எக்கியார்குப்பத்திலும் பதின்மருக்கு மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர். நாடு பதறிற்று. சட்டமன்றம் கொதித்தது. செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாய் எழுதின. மாண்டவர் குடும்பங்களுக்குத் தலைக்குப் பத்து இலக்கம் உருபா வழங்கியது அரசு. வழங்கியது சரியா தவறா என்னும் வழக்கை இங்கு எடுக்கவில்லை. சின்னாள்களுக்குள் ஓரூரில் பிணங்கள் வரிசையாய் வந்து சேர்ந்தமையால்தான் அச்சாவுகள் நாட்டின் கண்ணுக்குப் புலப்பட்டன என்பதையே சொல்ல வருகின்றேன். அதே நாட்டில், தனித்தனி வீடுகளில், தனித்தனிப் பாய்களில், வயிறு ஊதிக் கண் மஞ்சளித்துக் குருதி கக்கிச் சாகின்ற மற்றொரு கூட்டம் உண்டு. மயக்கமருந்தை ஊசிவழி நரம்பில் ஏற்றிக்கொண்டோர் அவர்கள். அவர்தம் சாவுக்கு உருபாவும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. மயக்கமருந்தே அவர்களைக் கொன்றது என்று ஊரார் முடிவு கட்டிவிடுகின்றனர். அவர்களுட் பலரைக் கொன்றதோ, அம்மருந்தைச் சுமந்துசென்ற ஊசிக்குள் ஒளிந்திருந்த ஒரு நச்சுயிரி.

'சி' வகைக் கல்லீரல் அழற்சி நச்சுயிரி என்பது அதன் பெயர். எபடைட்டிசு சி என மருத்துவர் வழங்குவர். நம் மக்கள் காமாலை என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும் நோய்கள் பல. அவற்றுள் 'ஏ', 'இ' வகைகள் கெட்ட நீராலும் உணவாலும் வருவன. சில கிழமைகள் வருத்திவிட்டுப் பெரும்பாலும் தாமே நீங்கிவிடும். 'பி' வகை குருதியாலும் உடலுறவாலும், பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்தும் தொற்றுவது. அதற்குத் தடுப்பூசி உண்டு. 'சி' வகைக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லை. 1970-களில் அமெரிக்க மருத்துவர் ஆர்வி ஆல்ட்டர், குருதி ஏற்றிக்கொண்ட நோயாளர்க்கு முன்னறிந்த எவ்வகையினும் சேராத ஒரு கல்லீரல் அழற்சி வருவதைக் கண்டார். 1989-இல் மைக்கேல் ஓட்டனும் அவர்தம் குழுவினரும் அதன் நச்சுயிரியைக் கண்டறிந்தனர். அந் நச்சுயிரி தனித்தே நோய் விளைக்கவல்லது என்பதை மெய்ப்பித்தவர் சார்லசு இரைசு. மூவர்க்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு நோய் பெயரும் பெற்று, அறியும் முறையும் பெற்று, அடியோடு தீர்க்கும் மருந்தும் பெற்றுவிட்டமை மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்வு. அவ்வரிய நிகழ்வின் பயன் நம் தெருமுனை வரை வந்து சேரவில்லை.

இந்நோய் பரவும் வழியை மறைக்காமல் எழுதுகின்றேன். நம் இதழ் படிக்கும் அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. நால்வர் கூடுகின்றனர். ஒரு மூடியில் மருந்தைக் கரைக்கின்றனர். ஒரு பஞ்சில் வடிகட்டுகின்றனர். ஒரே பீற்றுக்குழலில் உறிஞ்சி ஒருவர்பின் ஒருவராய் ஏற்றிக்கொள்கின்றனர். ஊசியை மட்டும் மாற்றிக் குழலை மாற்றாதாரும் உளர். குழலையும் மாற்றிவிட்டு அதே மூடியையும் அதே நீரையும் பயன்படுத்துவாரும் உளர். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிக் குருதி அவற்றுள் எதில் ஒட்டியிருப்பினும் நச்சுயிரி அடுத்தவனுக்குப் போய்விடும். எய்ட்சு நோயைத் தரும் எச்.ஐ.வி.யைக் காட்டிலும் பன்மடங்கு எளிதாய் இது குருதிவழித் தொற்றும். பீற்றுக்குழலுக்குள் தேங்கிய குருதியில் இந் நச்சுயிரி 63 நாள் வரை உயிர்ப்போடிருந்ததை ஆய்வகத்திற் கண்டிருக்கின்றனர். சுவரிடுக்கில் ஒளித்துவைத்த ஊசியை இரண்டு திங்கள் கழித்து எடுத்தாலும் அது நஞ்சூசியாகவே இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, தோளில் சாய்வதாலோ, தாய்ப்பாலாலோ இது பரவாது. இதனைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவர்தோறும் ஒட்டவேண்டும். நோயாளியைத் தனித்தட்டில் உண்ணவைக்கும் இழிவு இன்னும் நம் வீடுகளில் உண்டு.

உட்புகுந்தபின் அது என் செய்யும்? எங்கள் செஞ்சிக் கோட்டையை அறியாதார் தமிழகத்தில் இலர். இராசகிரியையும் கிருட்டிணகிரியையும் சந்திரகிரியையும் மதிலால் பிணைத்த அக்கோட்டையை 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வளைத்துக் கிடந்தது. உள்ளே நெற்களஞ்சியம் இருந்தது. குளமும் சுனையும் இருந்தன. ஆகவே எட்டாண்டு தாங்கிற்று. வெளியே நின்று பார்ப்போர்க்கு மதில் மதிலாகவே தெரிந்திருக்கும். உள்ளே குறைந்துகொண்டு வந்ததை உள்ளிருந்தோரே அறிவர். (2025 சூலையில் இக்கோட்டைக்கு உலக மரபுச்சின்னம் என்னும் தகுதி கிடைத்ததையும், அத்தகுதி மராட்டியர் படைநிலக் கோட்டைகளுள் ஒன்றென்னும் பெயராலேயே கிடைத்ததையும் பற்றி எழுத வேறு கட்டுரை வேண்டும்.) கல்லீரலும் அத்தகைய கோட்டையே. தன்னிற் பெரும்பகுதி கெட்டபின்னும் அது வேலை செய்யும். வலி என்று சொல்லாது. நச்சுயிரி புகுந்த நூற்றுவருள் ஏறத்தாழ முப்பதின்மர்க்கு ஆறு திங்களுக்குள் அது தானே அகன்றுவிடுகின்றது. எஞ்சிய எழுபதின்மர்க்கு அது நிலைத்துவிடும். நிலைத்தோருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர்க்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுகிச் சுருங்கிவிடும். சிலர்க்கு அங்கே புற்றும் வைக்கும். குடியும் சேர்ந்துகொண்டால் அக்காலம் இன்னுங் குறுகும். இருபது அகவையில் விளையாட்டாய் ஏற்றிக்கொண்ட ஊசி, மணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் நாற்பதாம் அகவையில் வந்து கணக்குத் தீர்க்கும். இடையில் ஊசியை விட்டொழித்துப் பத்தாண்டு நேர்மையாய் வாழ்ந்தவனையும் அது விடாது.

இஃது எங்கோ மணிப்பூரில் நிகழ்வது என்று எண்ணாதீர். மணிப்பூரும் நாகாலாந்தும் பருமா எல்லையை ஒட்டிக் கிடப்பதால் 1980-களிலேயே எரோயின் ஊசியால் அலைக்கழிந்தன என்பது மெய். சென்னையும் அதே காலத்தில்தான் பழுப்புச் சருக்கரை எனப்படும் எரோயினைக் கண்டது. 1990-களில் புப்பிரெனார்பின் என்னும் வலிதணி மருந்தை ஊசியில் ஏற்றும் பழக்கமும் சென்னையிற் பரவிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாக 1986-இல் கண்டறிந்தோர் சென்னையைச் சார்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் என்பதைத் தமிழர் மறத்தல் கூடாது. சுனிதி சாலமன் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.கெய்த்தொண்டே நடுவத்தார், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே சென்னையில் ஊசி ஏற்றுவோர் ஆயிரவர்க்கு மேற்பட்டோரை ஆய்ந்தனர். அவருட் பாதிக்கும் மேற்பட்டோர்க்குக் குருதியில் 'சி' வகைத் தொற்றின் தடம் இருந்தது. அதே ஆய்வாளர் 2013-இல் இந்திய நகர்கள் பதினைந்தில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆய்ந்தபோது நூற்றுக்கு 37 பேர்க்கு அத்தடம் இருந்தது. அவ்வெண்ணிக்கையைவிட என்னை உறங்கவிடாது செய்தது மற்றொன்று. தொற்று இருந்தோருள் தமக்கு அது உண்டென்று முன்பே அறிந்திருந்தோர் நூற்றுக்கு அறுவர்கூட இல்லை. ஏனையோர் தம்முள் பகைவன் இருப்பதை அறியாமலே நடமாடினர். அறியாமலே அடுத்தவனுக்குங் கொடுத்தனர்.

இந்திய ஒன்றியத்தில் ஊசிவழி மயக்கமருந்து ஏற்றுவோர் ஏறத்தாழ எட்டரை இலக்கவர் என 2019-இல் வெளிவந்த நடுவணரசின் கணக்கெடுப்புக் கூறியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 'சி' வகை நிலைத்த தொற்றுடையோர் இந்தியாவில் 55 இலக்கவர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பரவியுள்ள பழக்கம் இன்னுங் கொடிது. தபெண்டடால் என்பது கடும் வலிக்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை. அதனைப் பொடித்து நீரிற் கரைத்து நரம்பில் ஏற்றுகின்றனர் நம் இளைஞர். வாய்வழி விழுங்கச் செய்த மாத்திரையுள் மருந்தோடு மாவும் பிசினும் உண்டு. அவை நரம்பில் சென்று அடைத்துப் புண்ணாக்கிக் கையைக் காலைக் கெடுக்கும். காவல்துறையார் மாத்திரைகளைக் கைப்பற்றியதாய்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி படம் வருகின்றது. அப்படத்தில் மாத்திரை அட்டைகள் இருக்கும். தலைகுனிந்த இளைஞர் நால்வர் இருப்பர். அந்நால்வரையும் குருதியாய்வுக்கு அழைத்துச் சென்றதாக ஒரு வரியேனும் அச்செய்தியில் யான் கண்டதில்லை.

மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர். சொல்லுகின்றேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவன், சென்னையில் கட்டட வேலைக்குச் சென்று, அங்கே ஊசிப் பழக்கம் ஏற்பட்டு, பின்னர் அதனை விட்டுவிட்டு ஊர் திரும்பி, இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் வாயிலருகே வந்து நின்றான். மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை நீட்டினான். "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கின்றது என்று நீங்கள்தாம் படித்துச் சொல்லவேண்டும். எனக்கு எய்ட்சு என்றுதானே போட்டிருக்கின்றது?" என்று கேட்டான். தாளைப் பார்த்தேன். இரண்டாண்டுக்கு முற்பட்ட நாளிட்டிருந்தது. ஏதோ ஒரு தனியார் ஆய்வகத்தில், கை எலும்பு முறிவுக்கு அறுவை செய்யுமுன் எடுத்த குருதியாய்வு. முற்றும் ஆங்கிலம். எச்.ஐ.வி. இல்லை என்று ஒரு வரியில் தெளிவாய் இருந்தது. அதற்கடுத்த வரியில் எச்.சி.வி. உண்டு என்றிருந்தது. இடையெழுத்து ஒன்றுதான் வேறுபாடு! தாளைக் கொடுத்தவர் எவரும் அவனுக்கு எதுவும் விளக்கவில்லை. அவன் தானே எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தனக்கு எய்ட்சு என்று முடிவு செய்துகொண்டான். இரண்டாண்டு எவரிடமும் சொல்லவில்லை. வந்த மணப்பேச்சுகளையெல்லாம் தட்டிக் கழித்திருக்கின்றான். வாழ்ந்தென்ன என்று குடிக்கத் தொடங்கியிருக்கின்றான். அக்குடியோ கல்லீரலுக்கு எரியும் நெருப்பில் ஊற்றிய நெய். "தம்பி, இது எய்ட்சு அன்று, இது தீரும் நோய்" என்று யான் சொன்னபோது அவன் நம்பவில்லை. தன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்வதாய் எண்ணினான்.

அத்தாளில் மூன்று வரி தமிழில் இருந்திருப்பின் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? 'கல்லீரல் நச்சுயிரி சி வகையின் எதிர்ப்பொருள் உம் குருதியில் உள்ளது. நச்சுயிரி இன்னும் இருக்கின்றதா என்றறிய மற்றோர் ஆய்வு வேண்டும். இருப்பின், தீர்க்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கும்.' இவ்வளவே. அவ் இரண்டாம் வரி மிக இன்றியமையாதது. முதல் ஆய்வு, பகைவன் வந்துசென்ற காலடியை மட்டுமே காட்டும். தானே நோய் நீங்கியவர்க்கும், மருந்தால் நீங்கியவர்க்கும் அக்காலடி அழியாது. நச்சுயிரியையே தேடும் இரண்டாம் ஆய்வில்தான் நோய் இருப்பது உறுதிப்படும். முதல் தாளோடு நின்றுவிட்டோர் எத்துணைப் பேர் நோயே இல்லாமல் நோயாளராய் வாழ்கின்றனரோ, எத்துணைப் பேர் நோயோடு நலமுடையோராய்த் திரிகின்றனரோ! பயிற்றுமொழியும் ஆட்சிமொழியும் தமிழாதல் வேண்டும் என்று நாம் முழங்குகின்றோம். மருத்துவத் தாள் தமிழில் வேண்டும் என்று எத்தனை கூட்டங்களில் பேசினோம்? மருத்துவமனைப் பெயர்ப்பலகையில் ஒற்றுப்பிழை காண்பதில் நம்மவர் காட்டும் விரைவை, உள்ளே கொடுக்கும் தாளின்மேல் காட்டியதில்லை. இங்கு ஒன்று சொல்லவேண்டும். மருந்தின் பெயரைத் தமிழாக்க வேண்டுவதில்லை. சோபோசுபுவிர் என்பதற்குப் புதுப்பெயர் புனைந்தால் மருந்து கொடுப்போர்க்கும் புரியாது, நோயாளிக்கும் புரியாது. தமிழில் வேண்டுவது விளக்கம்.

அவனிடம் யான் பேசியபோது அவன் கேட்ட அடுத்த கேள்வி, நம் அன்பர் பலரும் கேட்கக்கூடியதே. "கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதாதா ஐயா?" நம் மண்ணின் மூலிகைமேல் எனக்குள்ள பற்று எவர்க்கும் குறைந்ததன்று. ஆனால் உயிர் ஊசலாடும் இடத்தில் பற்று மருந்தாகாது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசனும் குழுவினரும், 'பி' வகை நச்சுயிரியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லியை 'பி' வகைத் தொற்றுடையோர்க்குக் கொடுத்து நற்பயன் கண்டதாக இலாஞ்செட்டு மருத்துவ இதழில் எழுதினர். தமிழர் மருந்தொன்று உலகின் முதல் வரிசை மருத்துவ இதழில் ஏறியது பெருமைக்குரியதே. பின்னர் வேறு நாடுகளிற் செய்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. அந்த ஆய்வும் 'பி' வகைக்கே உரியது. 'சி' வகையைக் கீழாநெல்லி தீர்க்கும் என மெய்ப்பித்தார் எவரும் இலர். 'ஏ' வகைக் காமாலை தானே நீங்குவது. அது நீங்கும் காலத்தில் எதைக் குடித்தாலும் குடித்ததே தீர்த்தது போலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பிச் 'சி' வகைக்காரன் பத்தாண்டு கீழாநெல்லி அரைத்துக் கொண்டிருப்பானாயின் அவன் கல்லீரல் இறுகிவிடும். கைகண்ட மருந்தை விலையின்றி வைத்துக்கொண்டு இதனைச் செய்வது அறியாமை.

அம்மருந்தின் கதையும் தமிழர் அறியவேண்டுவது. முன்னர் இந்நோய்க்கு ஓராண்டு வரை இண்டர்பெரான் ஊசி போடுவர். காய்ச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் தந்து, பாதிப்பேர்க்குத்தான் அது பயன்பட்டது. 2013 திசம்பரில் சோபோசுபுவிர் மாத்திரைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நாளைக்கு ஒரு மாத்திரை, பன்னிரண்டு கிழமை. அங்கே அதன் விலை எவ்வளவு தெரியுமா? ஒரு மாத்திரை ஆயிரம் தாலர். முழு மருத்துவத்துக்கு 84,000 தாலர்! 2014-இல் இந்திய மருந்து நிறுவனங்கள் சிலவற்றுக்கு உருவாக்கும் உரிமம் கிடைத்தது. அதன்பின் விலை அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. மாத்திரையில் உள்ள மருந்து அதேதான். 2018 சூலை 28-இல் நடுவணரசு நாட்டளாவிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, ஆய்வையும் மாத்திரையையும் அரசு மருத்துவமனைகள் வாயிலாக விலையின்றித் தர முன்வந்தது. பஞ்சாபியர் அதற்கும் ஈராண்டு முன்னரே, 2016-இல், தம் மாநிலத்தில் தாமே தொடங்கிவிட்டனர். சோபோசுபுவிரோடு டாக்ளாட்டாசுவிர் என்னும் மற்றொன்றையும் சேர்த்துப் பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு கிழமை கொடுப்பர். கல்லீரல் கெட்டோர்க்கு இன்னும் நீளும். நூற்றுக்குத் தொண்ணூற்றைவர்க்கு மேல் நோய் அடியோடு நீங்குகின்றது. ஊசி ஏற்றியவர்க்கு மட்டும் மருந்து வேலை செய்யாது என்பது கட்டுக்கதை. மாத்திரை ஒழுங்காய் உண்டால் அவர்களுள்ளும் பெரும்பாலோர்க்குத் தீரும்.

தீர்ந்தபின் மீண்டும் தொற்றுமா? தொற்றும். ஒருமுறை வந்து நீங்கியமையால் இந்நோய்க்குத் தடுப்பாற்றல் தோன்றுவதில்லை. ஆகவே மாத்திரை கொடுத்துவிட்டுப் பழைய ஊசிக்கே அவனைத் திருப்பி அனுப்புவது ஓட்டைப் பானையில் நீரிறைப்பதாகும். இங்குதான் நம் உணர்வாளர் பலர் ஒப்பாத ஒன்றை யான் எழுதவேண்டியுள்ளது. ஊசியை விடமுடியாதவனுக்கு, விடும்வரை, தூய ஊசி கொடுக்கவேண்டும். "இதென்ன அறங்கெட்ட பேச்சு? திருடனுக்குக் கன்னக்கோல் கொடுப்பதா?" என்று கேட்பீர். இக்கேள்வியை என் வகுப்புத் தோழர் ஒருவரே, நம் கழகத்தில் நெடுநாள் உழைத்தவர், என்னிடம் சினந்து கேட்டார். அவர்க்குச் சொன்ன விடை இது. ஊசி இல்லாமையால் எவனும் மயக்கமருந்தை விட்டதில்லை. பழைய ஊசியையே தேடி எடுத்தான். தூய ஊசி பெற வருகின்றவன், மருத்துவப் பணியாளர் ஒருவரை நாள்தோறும் முகமுகமாய்ப் பார்க்கின்றான். ஆய்வுக்கும், மாற்று மருந்துக்கும், விடுதலைக்கும் அவ்வொரு கதவுதான் அவனுக்குத் திறந்திருக்கின்றது. எய்ட்சுத் தடுப்புத் திட்டத்தின்கீழ் இந்திய அரசே இதனைப் பல்லாண்டாய்ச் செய்கின்றது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்றைத் தவிர்க்கத் தூய ஊசி வழங்குவது குற்றமாகாது என்று காப்பும் அளித்துள்ளது. மாற்று மருந்து என்றேன். முன்னர்ச் சொன்ன புப்பிரெனார்பினே அது. ஊசியில் ஏற்றினால் நோய்க்கு வழியாகும் அதனையே, மருத்துவர் கண்காணிப்பில் நாவின்கீழ் வைத்துக் கரையவிட்டால் ஊசி வேட்கை தணிந்து ஆள் வேலைக்குச் செல்லத் தொடங்குகின்றான்.

எகிப்து நாட்டைப் பாருங்கள். உலகிலேயே 'சி' வகை மிகுந்த நாடு என்று பெயர் பெற்றிருந்தது அது. மயக்கமருந்தாலா? இல்லை. 1950-கள் முதல் 1980-கள் வரை, நத்தைவழிப் பரவும் புழுநோயை ஒழிக்க அரசே ஊர் ஊராய்ச் சென்று ஊசி போட்டது. கண்ணாடிக் குழல்களைச் சரியாய்க் கொதிக்கவையாமல் ஒருவர்க்குப்பின் ஒருவர்க்குப் போட்டனர். நோய் தீர்க்கப் போட்ட ஊசியே இலக்கக்கணக்கானோர்க்கு நோய் கொடுத்தது. அந்த உழவர்களின் ஒழுக்கத்தை எவரேனும் பழித்தாரா? நச்சுயிரிக்கு நல்லவன் தீயவன் என்னும் வேறுபாடு தெரியாது; அழுக்கூசி ஒன்றே தெரியும். அதே எகிப்து 2018 அகுதோபரில் தொடங்கி ஏழே திங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரை ஆய்ந்து, நோயுற்றோர்க்கு விலையின்றி மருந்து கொடுத்தது. 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோயொழிப்பில் முன்னேறிய முதல் நாடென அதனைப் பாராட்டிச் சான்றளித்தது. தமிழ்நாட்டு மக்கள் தொகை எகிப்தினதைவிடக் குறைவு. மருத்துவர் தொகையிலும் மருத்துவமனைத் தொகையிலும் நாம் எவர்க்கும் பின்னிட்டவர் அல்லோம்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். மருந்து 95-ஆம் அதிகாரம். இடையே சூது ஒன்றே உண்டு. குடிப்பவனையும் ஊசிக்காரனையும் கண்டால் நாம் முன்னதை மட்டும் ஒப்பித்துவிட்டுப் போகின்றோம். அவ்வதிகாரத்திலேயே, மயங்கிக் கிடப்பவனிடம் கரணியம் காட்டித் தெளிவிக்க முயல்வது வீண்முயற்சி என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை எண்ணுவதில்லை. அறவுரை நுழையாத இடத்திற்கு மருத்துவத்தைத்தான் அனுப்பவேண்டும். மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்ற பெருமான் நோயுற்றவனை முதலிலும், மருத்துவனை அடுத்தும், மருந்தையும் உடனிருந்து கொடுப்பவனையும் அதன் பின்னும் வைக்கின்றார். நம் அரசினர் மருந்தை வாங்கி வைத்துள்ளனர், மருத்துவரும் உளர். நோயுற்றவனோ காவல்துறைக்கு அஞ்சி ஒளிந்துகொண்டிருக்கின்றான். உடன்செல்வார் எவரும் இலர்.

அவ்வச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். மயக்கமருந்தைப் பயன்படுத்துவது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. எனினும் அதே சட்டத்தின் 64-அ பிரிவு, சிறிதளவே வைத்திருந்து பிடிபட்டவனோ பயன்படுத்தியவனோ தானே முன்வந்து ஏற்புடைய மருத்துவமனையில் மருத்துவம் பெற்று முடிப்பானாயின் அவன்மேல் வழக்குத் தொடராமல் காக்கின்றது. இப்பிரிவை அறிந்த இளைஞனை யான் கண்டதில்லை. வழக்கறிஞராயுள்ள நம் அன்பர்கள் இதனைத் தம் ஊர்ப் படிப்பகங்களில் ஒருநாள் மாலை விளக்கினால் போதும். விற்போரைப் பிடிக்கட்டும், ஒறுக்கட்டும். மருத்துவர் சீட்டின்றி அட்டை அட்டையாய் மாத்திரை விற்கும் கடையை மூடட்டும். வாங்கிக் கெட்டவனை விற்றவனோடு ஒரே கயிற்றில் கட்டுவது முறையன்று. சிறைக்குள்ளும் ஊசி செல்கின்றது என்பதை அறிந்தோர் அறிவர். அங்கே ஓர் ஊசிக்கு எத்தனை கைகள் என்பதை எண்ணிப் பாருங்கள். சிறைகளில் உள்ளோர் அனைவரையும் இந்நோய்க்கு ஆய்ந்து மருந்து கொடுப்பதே அரசு செய்யக்கூடிய மலிவான வேலை. ஆளைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இனி நாம் செய்யவேண்டுவது. பயன்படுத்துவோரிடம் நேரிற் சென்று பேசும் பயிற்சி நமக்கில்லை, அதனைப் பயின்ற தொண்டு நிறுவனங்கள் சென்னை முதலிய ஊர்களில் உள்ளன, அவர்கள் செய்யட்டும். 1980-இல் சாந்தி அரங்கநாதன் சென்னையில் நிறுவிய மருத்துவமனை போன்றவை குடியிலிருந்தும் மயக்கமருந்திலிருந்தும் மீள்வோர்க்கு நெடுங்காலமாய்த் துணைநிற்கின்றன. நம் கையில் உள்ளது தமிழ். நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை யான் எழுதிவைத்துள்ளேன். எவ்வாறு தொற்றும், எவ்வாறு தொற்றாது, முதல் ஆய்வுக்கும் இரண்டாம் ஆய்வுக்கும் என்ன வேறுபாடு, மாத்திரை எத்தனை கிழமை, இடையில் நிறுத்தினால் என்னாகும், 64-அ பிரிவு என்ன சொல்கின்றது என்பனவெல்லாம் எளிய தமிழில் அதில் உள்ளன. முடிதிருத்தகங்களிலும் பச்சை குத்துமிடங்களிலும் கத்தியையும் ஊசியையும் ஆளுக்கு ஆள் மாற்றவேண்டும் என்பதையும் சேர்த்துள்ளேன். ஊசி ஏற்றாதவர்க்கும் அவ்வழிகளில் தொற்று வரக்கூடும். குருதி வங்கிகளில் ஆய்வு கட்டாயமாவதற்கு முன், இந்நூற்றாண்டுத் தொடக்கத்துக்கு முன், குருதி ஏற்றிக்கொண்டோரும் ஒருமுறை ஆய்ந்துகொள்வது நன்று.

செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 25 கல். நாட்கூலி வாங்குவோன் ஒருவன் ஆய்வுக்கு ஒருமுறை, முடிவுக்கு ஒருமுறை, மாத்திரைக்குத் திங்கள்தோறும் ஒருமுறை எனச் செல்வதற்குள் கூலி பல நாள் போய்விடும். தமிழ்நாட்டரசு இவ்வாய்வையும் மாத்திரையையும் வட்ட மருத்துவமனை வரை இறக்கிக் கொடுத்தல் வேண்டும் என்று கேட்டு விண்ணப்பம் ஒன்றும் எழுதியுள்ளேன். கையொப்பமிட விரும்பும் கிளைகள் எழுதிக் கேட்டால் படி அனுப்புவேன். துண்டறிக்கையை அச்சிட விரும்புவோர், தத்தம் ஊரில் உள்ள அரசு மருத்துவர் ஒருவரிடம் அதனைக் காட்டி, அருகில் மருந்து கிடைக்குமிடத்தின் பெயரையும் கேட்டெழுதிச் சேர்த்துக்கொண்ட பின்னரே அச்சுக்குக் கொடுக்கவேண்டும். உலகக் கல்லீரல் அழற்சி நாளாகிய சூலை 28-க்குள் அது பேருந்து நிலையங்களிலும் மருந்துக்கடை வாயில்களிலும் கிடைக்குமாறு செய்தல் நலம்.